எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும்

நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்தில் விசாரித்தாலும் பூனைக்குட்டி விஷயத்தில் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும். "கண்ணு தொறந்துடுச்சு, நடக்குது, தட்டுல பால் ஊத்துனா நக்குது. இனிமே யாரு கேட்டாலும் குடுத்துடலாம்." யாரும் கேட்காமல் போனால் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம், பிழைத்துக்கொள்ளும் என்பது அடுத்த தீர்ப்பு. இப்படிச் சொல்பவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நைட் ஷிப்ட் முடித்து வருகிற வழியில் தெருநாய்க்கு பிஸ்கட் வாங்கிப் போடுகிறவர்களும், வெயில் காலத்தில் மதில்மேல் காக்கைக்குத் தண்ணீர் வைக்கிறவர்களும்தான் இதையும் சொல்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள் சொல்வதாலேயே இந்தக் கருத்தை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தே ஆக வேண்டும். நான்கு வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது குட்டியைக் கெடுக்கிறது, தாயைக் கெடுக்கிறது, பூனைத் தொல்லை தாங்கவில்லை என்று புலம்புகிற வட்டத்தில் பூனைகளைப் பெருக்கவும் செய்கிறது.

கண் திறப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே முதல் பிழை. பூனைக்குட்டி பிறந்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் கண் திறந்துவிடும். அந்த வயதில் அதற்குத் தானாகச் சிறுநீர் கழிக்கக்கூட வராது. தாய் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் நக்கிக் கொடுத்தால்தான் போகும். ஏறக்குறைய மூன்றாவது வாரம் வரை இதே கதைதான். உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறனும் அந்த நாட்களில்தான் மெல்ல மெல்ல வருகிறது. முன்பற்கள் இரண்டு மூன்று வாரத்தில் எட்டிப்பார்க்கும். கடைவாய்ப் பால்பற்கள் முளைத்து முடிய ஆறு வாரம் ஆகும். நான்காவது வாரத்தில் குட்டி தட்டில் வாய் வைக்கிறது என்றால் பால்குடி மறக்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மறந்து முடிக்க ஏழெட்டு வாரம் ஆகும். சில தாய்கள் அதன் பிறகும் ஓரிரு வேளை பால் கொடுக்கும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே கிடக்கிற அந்த நான்கு வாரத்தைத்தான் நாம் குட்டியிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

"தாயே வெரட்டுதுங்க, நாம என்ன பண்ண முடியும்?" என்று கேட்பார்கள். கேட்கிறவர் பார்த்தது பொய்யல்ல. ஆனால் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸின் பின்தோட்டத்தில், பலாமரத்தடியில் அடுக்கிக் கிடந்த பழைய ஓடுகளுக்குப் பின்னால் சாம்பல் வரிப்பூனை ஒன்று நான்கு குட்டிகள் ஈன்றிருந்தது. ஐந்தாவது வாரத்தில் அதன் போக்கு மாறியதை அருகிலிருந்து பார்த்தேன். அதுவரை குட்டிகள் ஓடிவந்தால் ஒருக்களித்துப் படுத்துக் காம்பைக் காட்டிய பூனை, அன்று நான்கு கால்களையும் மடக்கி வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டது. ஒரு குட்டி மூக்கை நுழைத்து முட்டியது, ஒரு சீறல். மறுபடி முட்டியது, நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தலையில் ஒரு தட்டு. பிறகு எழுந்துபோய்த் துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தது. குட்டிகளுக்கு எட்டாத உயரம். கீழே நான்கும் நின்று கத்தின. தாய் கண்ணை மூடிக்கொண்டது. காது மட்டும் குட்டிகள் பக்கமே திரும்பியிருந்தது. மதிலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்த கணத்தில் ஒரே தாவலில் குட்டிகளுக்கு நடுவே வந்து நின்றது. சாயங்காலம் ஓணான் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, தொண்டைக்குள்ளிருந்து ஒரு தனிக் குரலில் குட்டிகளைக் கூப்பிட்டு, அவற்றின் முன்னால் போட்டது. இருட்டிய பிறகு அதே குட்டிகளுக்கு ஒருக்களித்துப் படுத்துப் பாலும் கொடுத்தது.

வெறுத்துவிட்ட தாய் இதையெல்லாம் செய்யுமா? பல் முளைத்த வாய் காம்பைக் கடிக்கிறது, நான்கு குட்டிகளின் பசி தாயின் உடம்பை உருக்குகிறது. அதனால் தாய் பாலுக்கு நேரம் வைக்கிறது, இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளியில் எழும் பசிதான் குட்டியை இரையின் பக்கம் தள்ளுகிறது. முதலில் செத்த இரை, பிறகு குற்றுயிரான இரை, கடைசியில் உயிருள்ள இரை என்று தாய்ப்பூனை படிப்படியாகக் கொண்டுவருவதைப் பூனைகளை ஆயுள் முழுக்கக் கவனித்த ஜெர்மானிய ஆய்வாளர் பால் லைஹவுசன் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1969இல் ஃபிலிஸ் செஸ்லர் நடத்திய சோதனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நெம்புகோலை அழுத்தி உணவு பெறும் வித்தையைத் தாய் செய்யக் கண்ட குட்டிகள் விரைவில் கற்றன. அறிமுகமில்லாத வேறொரு பெண்பூனை செய்யக் கண்ட குட்டிகள் தாமதமாகக் கற்றன. யார் செய்து காட்டுகிறார்கள் என்பது குட்டிக்கு முக்கியம். தாய் சீறத் தொடங்கும் நாள் அந்தக் கற்பித்தல் தொடங்கும் நாள். அன்றைக்குப் பார்த்துத்தான் அட்டைப்பெட்டியோடு வந்து நிற்கிறோம்.

நம் மனதில் பதிந்திருக்கும் தாய்ப்பூனை, குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிப்போகும் பூனை. தென்கலை வைணவர்கள் சரணாகதியை விளக்க மார்ஜார நியாயம் என்று எடுத்துக்கொண்டது அந்தப் பூனையைத்தான். குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே சுமக்கும். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாறும் என்று பாட்டிமார் சொல்வதும் அதைப் பற்றித்தான். அது முதல் சில வாரத்துத் தாய். அதற்குப் பிறகு வருகிற தாய் சுமப்பதில்லை. தள்ளி உட்கார்கிறது, காக்கிறது, இரை கொண்டுவருகிறது, தப்பு செய்தால் தட்டுகிறது. இந்த இரண்டாவது தாயைக் கவனிக்க நாம் பழகவில்லை. ஆகவே முதல் சீறலிலேயே பாசம் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறோம்.

அடுத்து, தட்டில் ஊற்றுகிற பால். குட்டி அதை நக்குவதையே பிழைத்துக்கொள்ளும் என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். பசும்பாலில் நூற்றுக்கு மூன்று, மூன்றரைப் பங்குதான் புரதம். பூனைப் பாலில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். பசும்பாலில் இருக்கிற பால்சர்க்கரையைச் செரிக்கும் திறனோ, பால்குடி மறக்கிற வயதில் குட்டிக்கு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது. ஆக, வேண்டியது பாதிகூட இல்லை, செரிக்காதது நிறைய இருக்கிறது. வயிற்றுப்போக்கு பிடிக்கிறது. நான்கு வாரக் குட்டி அரைக் கிலோகூட இருக்காது. அந்த உடம்பிலிருந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வெளியேறினால் மறுநாள் தலை தூக்காது. குட்டியை வாங்கிப்போன வீட்டில் "எங்க கைராசி, பூனை தங்க மாட்டேங்குது" என்று சொல்வார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பசும்பாலும் அவசரமும்தான் காரணம்.

பாலுக்குப் பிறகு தயிர்சாதம் வருகிறது. பூனை முழு மாமிசப் பிராணி. டாரைன் என்ற சத்தை அது இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் போதிய அளவு பெற முடியும். டாரைன் இல்லாத உணவில் பூனையின் விழித்திரை சிதைவதை 1975இலும், இதயம் வீங்கித் தளர்வதை 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதன் பிறகே கம்பெனி பூனைத் தீவனங்களில் டாரைனைக் கூட்டினார்கள். சோறும் தயிரும் வயிற்றை நிரப்பும், கண்ணையும் இதயத்தையும் காக்காது. இறைச்சியே புழங்காத வீடுகளும் இங்கே உண்டு, வடலூர் நமக்குக் கூப்பிடு தூரம். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியாற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்பது அவர் நெறி. அந்த நெறியில் நிற்கும் வீட்டாரை அதை மீறச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்கள் பூனைக்குட்டி வாங்காமல் இருப்பதே சரி. வாங்கி வந்து, தங்கள் நெறிக்காக அதன் கண்ணைக் குருடாக்க வேண்டாம்.

அப்படியானால் அந்த நான்கு வாரத்தில் செய்ய வேண்டியது என்ன? பெரும்பாலும் தாய்க்குத் தீனி போட வேண்டும். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கமான தீனியைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். "தாய் எலும்பும் தோலுமா ஆயிடுச்சு, பாவம், அதனாலதான் குட்டியப் பிரிச்சேன்" என்கிறவர்கள் தாயின் தட்டைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். நான்காவது வாரத்திலிருந்து குட்டிகளுக்கு ஆழமில்லாத தட்டில், கோழிக்கடையில் வாங்கிய சதையை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடே கூழாக மசித்து வைக்கலாம். ஈரல் ஒரு துணுக்கு போதும், தினமும் ஈரலே கூடாது. முள் எடுத்த மீன், வெந்த முட்டை நல்லது. கருவாட்டை வாசத்துக்காகக்கூட வைக்க வேண்டாம், அத்தனையும் உப்பு. வெறும் சதையிலும் சுண்ணாம்புச் சத்து பற்றாது, எலும்பு வளையும். அதனால் குட்டிகளுக்கென்றே விற்கிற உலர்தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்துப் பாதிக்குப் பாதி கலந்துவிடுவதே பத்திரம். அதே தீவனம் தாய்க்கும் ஏற்றது. குட்டி முதலில் தட்டுக்குள் நடக்கும், மூக்கில் அப்பிக்கொண்டு தும்மும். தாய் வந்து அதன் முகத்தை நக்கித் துடைக்கும். அந்த நக்கலில் தாயின் வாசனையும் தீனியின் வாசனையும் ஒன்றாகச் சேர்கின்றன. விரலால் வாயில் திணிக்கிற நமக்கு அது ஆகாது.

தாய் ஏறி ஒதுங்க ஓர் உயரமான இடம் வேண்டும். ஸ்டூல், துவைக்கிற கல், ஜன்னல் திண்டு, எதுவானாலும் சரி. பிரிவின் அளவைத் தாய் தீர்மானிக்கட்டும். ஒரு தட்டில் மண்ணோ மரத்தூளோ பரப்பி வைத்தால் குட்டிகள் தாயைப் பார்த்தே தோண்டி மூடப் பழகும். குடற்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்குப் போகிறது என்பதால் மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய்க்கும் சேர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் பூச்சி மருந்து வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு கரையத் தொடங்குகிற காலமும் அதுதான். எதிர்ப்பு கரைகிற நேரத்தில் ஊசியும் இல்லாமல், தாயும் இல்லாமல், புது வீட்டுக்குப் போகிற குட்டியைத்தான் பான்லூக்கோபீனியா என்ற தொற்றுநோய் அள்ளிக்கொண்டு போகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. "சின்னதுலயே எடுத்தாத்தான் கைக்குப் பழகும். வளந்துட்டா காட்டுப்பூனை." இதில் அரைவாசி உண்மை. 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகளின்படி, இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கைபட்ட குட்டியே மனிதரிடம் நன்றாக ஒட்டும். இதிலிருந்து, அந்த வயதுக்குள் பிரித்தெடுக்க வேண்டும் என்று எப்படி முடிவுக்கு வர முடியும்? கை படவேண்டும் என்பதுதான் விஷயம். தாய் பக்கத்தில் இருக்கும்போதே தினமும் அரை மணி நேரம் மடியில் வைத்துத் தடவுங்கள். வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தூக்கச் சொல்லிக் கொடுங்கள். குட்டி கேட்டவரை வாராவாரம் வந்து விளையாடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். தாய் உங்களை நம்புவதைப் பார்க்கிற குட்டி உங்களை இன்னும் சீக்கிரம் நம்பும்.

பிரித்தெடுத்த குட்டி பழகுகிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தது கத்தினால் கடியை விட வேண்டும், தாய் தட்டினால் நகத்தை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குட்டி ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் விளையாட்டில்தான் கற்கிறது. அது வாய்க்காத குட்டிக்கு நம் கைதான் கூடப்பிறந்தது. ரத்தம் வரும்வரை கடிக்கிறது. இன்னும் சில குட்டிகள் முந்தானை நுனியை, போர்வையை, காதுமடலை மணிக்கணக்கில் சப்பும். வீட்டார் பூரித்துப்போய் "எம்மேல அவ்ளோ பாசம்" என்பார்கள். சின்னஞ்சிறு வயதில் பிரித்த குட்டிகளிடம் அதிகம் காணப்படும் பழக்கம் இது. அது தேடுவது காம்பை. 2017இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தார் 5,700க்கும் மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே பால்குடி மறக்கவைத்த பூனைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாகவும், பதினான்கு வாரம் வரை தாயோடு இருந்த பூனைகளிடம் குறைவாகவும் இருந்தது. எட்டு வாரம் என்று நான் கேட்பதே குறைந்தபட்சம்தான். பன்னிரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. நம் நாட்டிலேயே நாய்க்குட்டிக்கு இந்த நியாயம் கிடைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பூனைக்குட்டியின் வயிறும் மூளையும் அதைவிட அவசரமாக வளர்வதில்லை.

இப்போது வட்டத்துக்காரர்களின் கடைசி ஆயுதம்: "குட்டிய அப்புறப்படுத்தலன்னா பூனை பெருகிடும்." இந்த வாதம்தான் எனக்கு மிகவும் ஆற்றாமையைத் தருகிறது, ஏனென்றால் நடப்பது இதற்கு நேர் எதிர். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பூனைகளில் பல, அது முடியும்வரை மறுபடி பருவத்துக்கு வருவதில்லை. குட்டிகளைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்தத் தடை விலகி, சில வாரங்களிலேயே தாய் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். நாலாவது வாரத்தில் குட்டியை எடுத்தவர் வீட்டில், அந்தக் குட்டிகள் நான்கு மாதத்தைத் தொடுமுன்பே அடுத்த ஈற்று வந்து நிற்கும். வெயிலும் வெளிச்சமும் குறையாத நம் ஊரில் குளிர்நாட்டுப் பூனைகளைப்போல மாதக்கணக்கில் ஓய்வும் இல்லை. இதற்கிடையே பால் கட்டிக்கொண்டு மடி வீங்கி, காம்பு சிவந்து சூடாகி, காய்ச்சலில் கிடக்கிற தாய்களைப் பார்த்திருக்கிறேன். குட்டிகளைத் தேடிக்கொண்டு கட்டில் அடியிலும் பரண்மேலும் நுழைந்து கத்தும். அந்தக் கத்தல் சகிக்காமல் தாயையும் சாக்கில் போட்டவர்கள் உண்டு.

பால் கொடுக்கும் பூனைக்கும் பருவம் வரலாம், அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதனால் குட்டிகள் இருக்கும்வரை இரவில் தாயை வீட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. பூனையைக் குறைக்க ஒரே வழி கருத்தடை. குட்டிகள் பால் மறந்து, மடி வற்றிய இரண்டொரு வாரத்தில் தாய்க்கு ஆபரேஷன் செய்துவிடலாம். குட்டிகளுக்கு ஐந்து மாதம் முடிவதற்குள். நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கிற பெண்குட்டிகள் உண்டு. தெருநாய்க் கருத்தடையின் பொறுப்பைச் சட்டம் உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கிறது. பூனையைப் பிடித்துப்போக எந்த வண்டியும் வராது, நாம்தான் கூடையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சின்ன வியாதிக்கே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் பழகிய ஊர் இது. பக்கத்தில் சரியான வசதி அமையவில்லை என்றால், அதே புதுச்சேரியில் குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மீன் மார்க்கெட் தீர்ப்புக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. தட்டில் மசித்து வைத்ததையே தின்னத் தெரியாத குட்டி, நாய்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே மீன் தலையைப் பறித்துத் தின்னும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பசியாலோ தாகத்தாலோ வதைபடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். அறுபது ஆண்டுக்கும் மேலாக ஏறாத அந்தத் தொகை சட்டத்துக்கே அவமானம். தொகை சிறிது என்பதால் குற்றம் சிறிதாகிவிடாது.

தாயே இல்லாத குட்டியின் விஷயம் வேறு. வண்டியில் அடிபட்டோ நாய் கடித்தோ தாய் செத்துப்போனால் நாம்தான் பொறுப்பு. பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால்மாவு, ராத்திரியிலும் விழித்துக் கொடுக்கும் பொறுமை, குப்புறப் படுத்த நிலையில் ஊட்டும் பழக்கம், இதமான சூடு, முடிந்தால் பால் கொடுக்கிற இன்னொரு பூனை. இவ்வளவு பாடுபட்டும் பல குட்டிகள் தங்குவதில்லை. தாய் உயிரோடு இருக்கும்போதே குட்டியை இந்த நிலைக்குத் தள்ளுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இந்த ஊரில் ஒவ்வொரு மாதமும் யாரோ ரிட்டயர் ஆகிறார்கள், குவார்ட்டர்ஸ் காலி செய்கிறார்கள். கட்டில் பீரோவெல்லாம் லாரியில் ஏறும். பின்தோட்டத்துப் பூனையும் குட்டிகளும் நிற்கும். காலி செய்யும் தேதி முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதற்கு மூன்று மாதம் முன்பே தாய்க்கு ஆபரேஷனை முடித்துவிடுங்கள். அது முடியாமல் போய், காலி செய்யும்போது குட்டிகள் இருந்தால், அவை எட்டு வாரம் முடிக்கும்வரை தீனி போட அடுத்த வீட்டில் ஓர் ஆளைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களிடம் குட்டி கேட்டு வருபவரிடம், "இப்ப வந்து பாத்துட்டுப் போங்க, எட்டு வாரம் முடிஞ்சு மொத ஊசி போட்டதும் தர்றேன், தாயோட ஆபரேஷன் செலவுல பாதி நீங்க குடுங்க" என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாதவருக்குக் குட்டி கொடுக்காதீர்கள்.